கிளட்சில் கால் வைக்கிறவள்

அக்டோபர் 1, புதன்

கம்பெனியில் ஆயுத பூஜை. கம்பெனி என்றால் பெரிதாக எதுவும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு இருபது தையல் மெஷின், பனியன் தைத்துக் கொடுக்கிறோம். திருப்பூரில் தடுக்கி விழுந்தால் இப்படி ஒரு கம்பெனி மேல்தான் விழ வேண்டும்.

காலையிலிருந்து இடுப்பு ஒடிந்துவிட்டது. மெஷினெல்லாம் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை பொட்டலம் கட்டி, டெய்லர்களுக்குக் கொடுத்து முடிப்பதற்குள் மதியம் ஆகிவிட்டது. இவர் வழக்கம்போல எண்ணெய்க் குடுவையோடு ஒவ்வொரு மெஷினாகப் போனார். வருஷம் முழுக்க மெக்கானிக் எண்ணெய் விடலாம், இன்றைக்கு மட்டும் முதலாளி கையால் விட வேண்டும் என்பது மாமனார் காலத்துப் பழக்கம். லோடு வண்டி, ஜெனரேட்டர், தண்ணி மோட்டார் எதையும் விட மாட்டார்.

நான் பொரியைப் பிரித்துவிட்டு வெளியே வந்தால் என் ரெண்டு சீட்டுக் காரின் பானட் திறந்து கிடக்கிறது, இவர் கையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். வாங்கி ஆறு மாசத்தில் இந்த மனுஷன் என் வண்டிப் பக்கம் போனது இதுதான் முதல் தடவை. "ஒண்ணுமில்ல, சந்தனம் வெச்சேன்" என்றார். பானட் மேல் மூன்று பொட்டு, நடுவில் செவ்வந்திப் பூ. நான் ஒன்றும் பூரித்துப் போய்விடவில்லை. பொட்டு கோணலாக இருந்தது.

அக்டோபர் 13, திங்கள்

ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று சத்தம். இரண்டு தடவை மிதித்துவிட்டுப் போட்டால் விழுகிறது. கிளட்ச் பெடல் எழும்பி வருவதும் மெதுவாக இருக்கிறது. புதன்கிழமை ஷிப்மெண்ட். இதைப் பார்க்க நேரமில்லை.

அக்டோபர் 15, புதன்

ஷிப்மெண்ட் போய்விட்டது. வண்டியை எடுத்தேன். முதல் கியர் விழ மறுக்கிறது. சிக்னலில் பின்னால் நின்ற பஸ்காரன் ஹாரன் அடித்தே என் காதைக் கிழித்தான்.

இவரிடம் சொன்னேன். பேப்பரை விட்டுத் தலையைத் தூக்காமலே, "கிளட்ச் மேலயே கால வெச்சு ஓட்டுனா அப்படித்தான்" என்றார்.

இருபது வருஷம் பனியன் கட்டுகளை ஏற்றிக்கொண்டு சாயப்பட்டறைக்கும் இஸ்திரிக்கும் லோடு வண்டி ஓட்டினவள் நான். ஒரு தடவை கிளட்ச் மாற்றியிருப்போமா? கேட்டேன். "அது லோடு வண்டி. இது ரேஸ் வண்டி. அம்சமா ஓட்டோணும்" என்கிறார். ரேஸ் வண்டியை எப்படி ஓட்டுவது என்று இவர் எங்கே படித்தார் என்று தெரியவில்லை.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

இவருடைய அண்ணன் நாச்சிமுத்து மாமா வீட்டில் சாப்பாடு. மாமாவுக்கு என் கார் வாயில் போட்ட வெற்றிலை மாதிரி, வருஷம் முழுக்க மெல்லலாம்.

"ஏம்மிணி, ரெண்டு சீட்டுத்தானாமே. ஒரு விருந்தாளி வந்தா டிக்கில போட்டுக் கொண்டாருவியா?"

"எங்களுக்கு ரெண்டு சீட்டு போதுங்க மாமா" என்றேன். சட்டென்று எல்லோரும் இலையைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். மாமா சம்சாரம், அக்கா, எனக்கு இன்னொரு அதிரசம் வைத்தாள். பிள்ளையில்லாததை மனதில் வைத்து நான் சொல்லவில்லை.

பிறகு பேச்சு கிளட்சுக்கு வந்தது. இவர்தான் ஆரம்பித்தார். மாமா பிடித்துக்கொண்டார். "பொம்பளைக கிளட்ச் மேல கால வெச்சா எடுக்க மாட்டாளுக. வித்துப் போட்டுப் பேசாம ஒரு ஸ்கூட்டி வாங்கிக்க. அவிநாசில செங்கச்சூளைக்காரர் ஒருத்தர் இந்த மாதிரி வண்டி கேட்டுட்டு இருக்காரு."

எனக்கு வந்த ஆத்திரத்தில், கோயம்புத்தூரில் நவம்பர் 30 அன்று நடக்கிற கார் ஓட்டத்தில் என் வண்டி ஓடும், ஓடவில்லையென்றால் அன்றைக்கே விற்றுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். மூடிய மில் ஒன்றின் மைதானத்தில் கோன் நட்டு வைத்திருப்பார்கள், ஒவ்வொருவராக வளைந்து வளைந்து ஓட்டிவிட்டு வர வேண்டும், நேரம் குறைந்தவருக்குக் கோப்பை. போன வருஷம் இரவல் வண்டியில் ஓட்டி நாலாவது வந்தேன். அதற்காகவே சீட்டுப் பணத்தில் இந்த வண்டியை வாங்கினேன்.

"சொன்ன சொல்லு மாறப்படாது" என்றார் மாமா. "மாறாதுங்க" என்றேன். இவர் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். தடுத்து ஒரு வார்த்தை சொன்னாரா? இல்லை.

அக்டோபர் 24, வெள்ளி

கோயம்புத்தூரில் அன்சாரி பாய் ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோனேன். இந்த மாதிரி வண்டிகளில் அவர்தான் கைதேர்ந்தவர் என்று சொல்கிறார்கள். நல்ல மனுஷன். வண்டியைக் கேட்டைத் தாண்டி உள்ளே விடுவதற்கு முன்னாலேயே கேட்டார், "மேடம், கிளட்ச்ல கால் வைப்பீங்களா?"

"கிளட்ச்ல கால் வைக்காம எப்படிங்க பாய் கியர் போடறது?"

சிரித்தார். "இல்ல மேடம், சும்மா ஓட்டறப்பவும் வெச்சிருப்பீங்களான்னு கேட்டேன். லேடீஸ் நெறையப் பேரு..."

நான் முறைத்த முறைப்பில் மீதியை முழுங்கினார். பிளேட் போயிருக்கும், கியர் பாக்ஸை இறக்கிப் பார்த்தால்தான் தெரியும் என்றார்.

அக்டோபர் 29, புதன்

இறக்கிவிட்டார்கள். போய்ப் பார்த்தேன். பழைய பிளேட்டைக் கையில் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். கால் வைத்தே தேய்த்ததென்றால் வழவழவென்று கருகியிருக்க வேண்டும். இதில் இன்னும் முக்கால்வாசி மிச்சம் இருக்கிறது.

"இது நல்லாத்தானே இருக்கு பாய்?"

"நல்லாத்தான் இருக்கு" என்று தாடியைத் தடவினார். "ஆனா இறக்கியாச்சு. புதுசே போட்டுருவோம்."

பழைய பிளேட்டைக் கேட்டு வாங்கி வந்து சாப்பாட்டு மேஜை மேல் வைத்தேன், இவர் பார்க்கட்டும் என்று. இவர் அதை நகர்த்திவிட்டு இட்லித் தட்டை வைத்துக்கொண்டார்.

நவம்பர் 3, திங்கள்

புது பிளேட் போட்டு இரண்டு நாள் பொன் மாதிரி ஓடியது. இன்றைக்குப் பழையபடி. பெடலை மிதித்தால் பாதியிலேயே மெத்தென்று உட்கார்ந்துகொள்கிறது. ஷூ நுனியால் தூக்கிவிட வேண்டியிருக்கிறது.

இவர் பானட்டைத் திறந்து பார்த்தாராம். "எண்ணெய் தண்ணியெல்லாம் ரொம்பி இருக்கு. அதுல ஒரு குறையும் இல்ல" என்று சர்டிபிகேட் கொடுத்தார். பானட்டைத் திறக்கிற அளவுக்கு அக்கறை வந்ததே பெரிது.

நவம்பர் 4, செவ்வாய்

எரிச்சல். வேறு எழுத ஒன்றும் இல்லை.

நவம்பர் 8, சனி

அன்சாரி பாய் இந்தத் தடவை கீழ் சிலிண்டரைக் கழற்றினார். பெடலை மிதித்தால் மேல் சிலிண்டர் திரவத்தைத் தள்ளும், அது குழாய் வழியாக வந்து கீழ் சிலிண்டரைத் தள்ளும், அது கிளட்சை விலக்கும். வண்டியில் கம்பியே கிடையாது, எல்லாம் திரவம்தான் என்று ஒரு பேப்பரில் படம் போட்டுக் காட்டினார். உள்ளே இருந்த ரப்பர் வாஷர் ஊதிப் போயிருந்தது. ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி.

"பதினஞ்சு வருஷத்து வண்டி மேடம். ரப்பர் பழசானா இப்படித்தான்." புது சிலிண்டர் போட்டுக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது வண்டி அருமையாக வந்தது. தெக்கலூர் தாண்டி மூன்றாவதிலிருந்து நாலாவதுக்குப் போகும்போது கியர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. தனியாகச் சிரித்துக்கொண்டே ஓட்டினேன். பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள்.

நவம்பர் 12, புதன்

சீ.

நடு ரோட்டில், பழைய பஸ் ஸ்டாண்ட் எதிரில், பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. முதல் கியரில் மாட்டி நின்றுவிட்டது. நகராது. பூக்காரம்மா, ஆட்டோக்காரர்கள், டீ கிளாஸோடு நாலு பேர் என்று ஆளாளுக்கு வைத்தியம். "பொம்பளை ஓட்டறது, கிளட்ச்ல காலு" என்று ஒருத்தன் பின்னால் சொன்னது காதில் விழுந்தது. திரும்பி, "வந்து நீ ஓட்டிக் காட்டு பார்க்கலாம்" என்று சாவியை நீட்டினேன். வரவில்லை.

எஞ்சினை நிறுத்திக் கியரைப் பிடுங்கி, வீட்டுக்குத் தள்ளி வந்து சேர்த்த பிறகு பாத்ரூமில் உட்கார்ந்து என் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையிலேயே வைக்கிறேனோ? எனக்கே தெரியாமல் வைக்கிறேனோ? எல்லோரும் சொல்கிறார்களே. ஊரெல்லாம் சொன்னால் ஆடும் நாயாகிவிடும் என்பார்கள். எனக்கு என் கால் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. இதுதான் எல்லாவற்றையும்விட ஆத்திரமாக இருக்கிறது.

நவம்பர் 13, வியாழன்

லோடு வண்டியை எடுத்துக்கொண்டு சாயப்பட்டறைக்குப் போனேன். போகும்போதும் வரும்போதும் இடது காலைக் கவனித்தேன். கியர் மாற்றிய உடனே தரைக்கு வந்துவிடுகிறது. ஒவ்வொரு தடவையும்.

இவரிடம் சொன்னேன். "நீ பாக்கறப்ப வராது. பாக்காதப்ப வெப்ப" என்றார். இந்த மனுஷனோடு பேசுவதற்குச் சுவரோடு பேசலாம்.

நவம்பர் 16, ஞாயிறு

அன்சாரி பாயோடு பெரிய சண்டை. வெள்ளிக்கிழமை மேல் சிலிண்டரையும் மாற்றிக் கொடுத்தார், அதுவும் இரண்டே நாளில் மக்கர். போனால், போன வாரம் போட்ட புது சிலிண்டரின் ரப்பரும் ஊதியிருக்கிறது.

"டூப்ளிகேட் போட்டுட்டு என்ற கால் மேல பழியைப் போடறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். ஒர்க் ஷாப்பே நின்று பார்த்தது.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "முப்பது வருஷமா இந்த வேலை பாக்கறேன் மேடம். எங்கிட்ட அப்படி யாரும் கேட்டதில்ல. நீங்க வண்டிய எடுத்துட்டுப் போங்க."

எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் நான் சொன்னது சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓட்டத்துக்கு இன்னும் இரண்டு வாரம்தான்.

நவம்பர் 18, செவ்வாய்

இன்றைக்குப் பயந்துவிட்டேன். உள்ளதைச் சொல்கிறேன்.

கிளட்சை எப்படியோ பம்ப் அடித்து அடித்து அவிநாசி ரோடு வரைக்கும் போனேன். வண்டி இழுக்கவே மாட்டேன் என்கிறது. ஓரம் கட்டி இறங்கினால் முன் சக்கரம் இரண்டும் தணலாகக் கொதிக்கிறது, ஒன்றில் புகை. பிரேக் பிடித்தது பிடித்தபடியே நிற்கிறது, விடவில்லை. ஆற வைத்து மெதுவாக எடுத்தால் அடுத்த தடவை பிரேக் பெடல் ஆழமாக இறங்கிப் போய்த்தான் பிடித்தது. முன்னால் ஸ்கூல் பஸ். நூலிழையில் தப்பியது.

கிளட்சுக்குத்தான் நான் கால் வைத்தேன், பிரேக்குக்கு யார் வைத்தது?

அன்சாரி பாய்க்குப் போன் பண்ணக் கூச்சமாக இருந்தது. பண்ணினேன். பிரேக் என்று சொன்ன உடனே குரல் மாறிவிட்டது. "ஓட்டாதீங்க. ஒரு அடி ஓட்டாதீங்க. லாரியில ஏத்தி அனுப்புங்க."

நவம்பர் 19, புதன்

கண்டுபிடித்துவிட்டோம்.

நான் போகும்போது பாய் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தார். சண்டையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. "இந்த வண்டியில கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே டப்பாதான் மேடம். ஒரே திரவம். ரெண்டும் ஒண்ணாக் கெடுதுன்னா கோளாறு டப்பாவுலதான்." ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்தார். டப்பாவின் மேல்மட்டத்திலிருந்து இஞ்செக்ஷன் ஊசியால் கொஞ்சம் எடுத்து அதில் விட்டார். பிரேக் திரவம் என்றால் தண்ணீரோடு கலந்துவிடுமாம். இது கலக்கவில்லை. ரசத்தில் மிதக்கிற எண்ணெய் மாதிரி வட்டமாக மேலே நின்றது.

"எண்ணெய்" என்றார் பாய். "எவனோ எண்ணெய ஊத்திருக்கான். அதான் ரப்பர் எல்லாம் ஊதிருக்கு. நான் புது சிலிண்டர் போடப் போட மேல இருந்து எண்ணெய் எறங்கிட்டே இருந்திருக்கு. என்ன எண்ணெய்னுதான் தெரியல. தண்ணி மாதிரி இருக்கு, வாசமே இல்ல."

நான் விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். அந்த வழுக்கல் எனக்குத் தெரியும். அங்கே கை துடைக்க ஒரு மூட்டை பனியன் வேஸ்ட் கிடந்தது, எங்கள் ஊர்ச் சரக்குதான். வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்து ஒரு சொட்டு வைத்தேன். ஓரம் பரந்து, நடுவில் கண்ணாடி மாதிரி ஒரு வட்டம். இந்தக் கறையைப் பார்த்துப் பார்த்து எத்தனை பனியனை ரிஜெக்ட் பண்ணியிருப்பேன்.

"இது தையல் மெஷின் எண்ணெய் பாய்" என்றேன்.

"அது எப்படி இங்க வரும்?"

தெரியவில்லை என்றேன். தெரியும். எழுதப் பிடிக்கவில்லை.

நவம்பர் 20, வியாழன்

காலையில் இவர் குளித்துவிட்டு வந்ததும் கேட்டேன்.

"ஏனுங்க, ஆயுத பூஜை அன்னிக்கு என்ற வண்டிக்கு எண்ணெய் உட்டீங்களா?"

"உட்டேன். எல்லாத்துக்குந்தான் உட்டேன். ஏன்?"

"எதுல உட்டீங்க?"

"சின்னதா வெள்ளை டப்பா ஒண்ணு இருந்துச்சு. உள்ள இருந்தது கோட்டுக்குக் கீழ கெடந்துச்சு. ரொப்பி உட்டேன்." என் முகத்தைப் பார்த்தார். "நல்ல எண்ணெய் கண்ணு அது. நம்ம மெஷினுக்கு உடறதுதான்."

அப்புறம் நான் பேசியதெல்லாம் இங்கே எழுதக் கூடியதல்ல. ஷெட்டில் மெஷின் சத்தம் நின்றுவிட்டது, அவ்வளவு கத்தினேன். அந்த ஸ்கூல் பஸ்ஸைப் பற்றிச் சொன்னபோது மட்டும் குரல் வரவில்லை. கிளட்ச் பிளேட், கீழ் சிலிண்டர், மேல் சிலிண்டர், நடு ரோட்டில் பட்ட அவமானம், என் கால், என் கால், என் கால். "என்ற காலக் கழட்டி வெக்கட்டுமா இந்த மேஜை மேல?" என்று கேட்டேன்.

அவர் துண்டைத் தோளில் போட்டபடி நின்றுகொண்டே இருந்தார். கடைசியில், "எல்லாத்துக்கும் உட்டுட்டு உன்ற வண்டிய மட்டும் உட்டுட்டா, நான் அதைக் கணக்குல சேர்க்கலைன்னு நெனச்சுக்குவியோன்னுதான் உட்டேன்" என்றார்.

இதைக் கேட்டதும் இன்னும் கோபம்தான் வந்தது. நல்ல எண்ணத்தில் செய்தவனை முழுசாகத் திட்டக்கூட முடியாது.

வெளியே போகப் போனவர் வாசலில் நின்று, "அண்ணங்கிட்டச் சொல்லீராத" என்றார்.

நவம்பர் 21, வெள்ளி

பேசவில்லை. சோறு போட்டேன். சாப்பிட்டார்.

நவம்பர் 22, சனி

அன்சாரி பாயிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். டூப்ளிகேட் என்று சொன்னது தப்புங்க பாய், மனசுல வெச்சுக்காதீங்க என்றேன். "அதை விடுங்க. எண்ணெய் யாரு ஊத்துனது, தெரிஞ்சுதா?"

"நாந்தாங்க" என்று வாயில் வந்துவிட்டது.

பாய் கையைத் துடைத்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா, நெனச்சேன்" என்றார். "லேடீஸ் பானட்டத் தொறக்கவே கூடாது."

பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இந்த ஜென்மத்தில் நான் முழுங்கியதிலேயே பெரிய உருண்டை அதுதான். எதற்காகச் சொன்னேன் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். அந்த மனுஷன் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றது கண்ணிலேயே நிற்கிறது. அதற்காக மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை.

எண்ணெய் பட்ட ரப்பர் ஒன்றுகூட விடாமல் மாற்ற வேண்டும், நாலு சக்கரத்துப் பிரேக்கும் சேர்த்து. சாமான் டிசம்பர் முதல் வாரத்தில்தான் வருமாம்.

நவம்பர் 25, செவ்வாய்

ஓட்டத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொல்லி போன் பண்ணினேன். எடுத்த பெண், "என்ன மேடம் பிராப்ளம்?" என்றாள். கிளட்ச் என்றேன். "ஓ, கிளட்ச்சா" என்று இழுத்தாள். இவளுமா என்று இருந்தது.

நவம்பர் 27, வியாழன்

நாச்சிமுத்து மாமா போன், நான் ஓட்டத்திலிருந்து பெயரை எடுத்தது தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை செங்கல் சூளைக்காரரைக் கூட்டிக்கொண்டு வருகிறாராம், வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து வைக்க வேண்டுமாம். லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தேன். இவர் ஓரமாக நின்று பார்த்தார். லாரியிலிருந்து இறக்கும்போது சக்கரத்துக்குக் கட்டை வைக்க ஓடி வந்தார்.

சொல்லலாம். ஒரே ஒரு வாக்கியம். மாமாவிடம் சொன்னால் வண்டியும் மிஞ்சும், என் பெயரும் மிஞ்சும். இவர் கேட்டுக்கொண்டார் என்பதற்காக நான் எதற்காக வாயைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும்? நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

நவம்பர் 28, வெள்ளி

சொல்லவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

அவசர ஆர்டர் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் ஷெட்டில் ஆள் இருந்தார்கள். டீ நேரம். மாமா, சூளைக்காரர், அவர் டிரைவர் மூன்று பேரும் வந்தார்கள். டெய்லர்கள் டீ கிளாஸோடு வெளியே வந்து வரிசையாக நின்றுவிட்டார்கள். கோயம்புத்தூரில் அந்த நேரத்துக்குப் பெண்கள் பிரிவு ஓடிக்கொண்டிருக்கும்.

சூளைக்காரர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். காலேஜ் போகிற மகனுக்காம். "கண்டிசன் எப்படிங்க?"

மாமா சிரித்தார். "வண்டி தங்கமுங்க. பொம்பளை ஓட்டுனது, கிளட்ச்ல மட்டும் கொஞ்சம் கால வெச்சுப் போட்டாப்ல. ஒரு பிளேட் மாத்துனா முடிஞ்சுது."

"அப்ப ஒரு ரவுண்டு போய்ப் பாத்தர்லாம்" என்று சூளைக்காரர் டிரைவருக்குக் கை காட்டினார். அவன் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினான்.

நான் போய் வண்டிக்கு முன்னால் நின்றுவிட்டேன். "எடுக்காதீங்க. பிரேக் புடிக்காது."

"இவ ஒருத்தி" என்றார் மாமா. "ஓட்டறதுக்கு ஒண்ணும் ஆகாது, நீ நவுரு அம்மிணி."

"ஆகுங்க" என்று சூளைக்காரர் பக்கம் திரும்பினேன். "உங்க பையன் மேட்டுல இருந்து எறங்கறப்ப பிரேக் பெடல் தரைக்குப் போச்சுன்னா என்ன பண்ணுவான்? எல்லா ரப்பரும் கெட்டுக் கெடக்குது. பிரேக் டப்பாவுல தையல் மெஷின் எண்ணெய் ஊத்தியாச்சு."

சூளைக்காரர் என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "மெஷின் எண்ணெயா? எந்தக் கிறுக்கன் பிரேக்குக்கு மெஷின் எண்ணெய் ஊத்துனது?"

பாயிடம் சொன்ன மாதிரியே சொல்லிவிட வேண்டியதுதான் என்று வாயைத் திறந்தேன்.

"நானுங்க" என்று ஷெட் பக்கமிருந்து குரல் வந்தது.

இவர் வந்து என் பக்கத்தில் நின்றார். "கிறுக்கன் நாந்தானுங்க. ஆயுத பூஜைக்கு ஊத்துனேன். அண்ணா, கலா கிளட்ச்ல கால் வெக்கல. ஒருநாளும் வெச்சதில்ல. அவ பிளேட்டக் கொண்டாந்து காட்டுனா, நான் பாக்கல. வண்டியக் கெடுத்தது நானு. அத ஊரெல்லாம் இவ மேல சொல்லித் திரிஞ்சதும் நானு."

மாமா முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். டெய்லர்களில் ஒருத்தி களுக்கென்றாள், அப்புறம் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். முதலாளி காருக்கு மெஷின் எண்ணெய் விட்ட கதை நாளைக்குத் திருப்பூர் முழுக்கப் போய்விடும். இவர் வேட்டியை மடித்துக் கட்டக்கூடத் தோன்றாமல் அந்தச் சிரிப்புக்கு நடுவில் நின்றார். பணிந்து பேசத் தெரியாத மனுஷன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் "தப்பு" என்ற வார்த்தை இவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

ஒன்றரை மாசமாக எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஒருநாள் இவர் பக்கம் திரும்ப வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன். திரும்பியபோது என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. "டீ ஆறுது, எல்லாரும் போய் வேலையப் பாருங்க" என்று விரட்டினேன்.

சூளைக்காரர், நல்லவேளை சொன்னீங்கம்மா என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். மாமா மட்டும் விடவில்லை. "சொன்ன சொல்லு இருக்குதே. இன்னிக்கு வண்டி ஓடலையே."

"விக்கறதில்லீங்கண்ணா" என்றார் இவர். "சொல்லு தவறுனது நான்னு வெச்சுக்கங்க."

எல்லோரும் போன பிறகு, "பத்து நாளாத் தெரியுமல்ல? அன்னிக்கே சொல்றதுக்கென்ன?" என்று மறுபடி பிடித்துக்கொண்டேன். இவர் குனிந்து சக்கரத்துக்கு வைத்த கட்டையைச் சரிசெய்தார். அழுதேன். ஓட்டம் போனது போனதுதானே.

டிசம்பர் 7, ஞாயிறு

சாமான் வந்துவிட்டது, வண்டியை மறுபடி லாரியில் ஏற்றி அனுப்பினேன். இரண்டு நாளாக அன்சாரி பாய் எல்லா ரப்பரும் மாற்றி, குழாயெல்லாம் கழுவி வைத்திருந்தார். இன்றைக்குக் காற்று எடுக்க வேண்டும். குழாயில் காற்று நின்றால் கிளட்ச் வேலை செய்யாது. ஒருத்தர் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும், ஒருத்தர் வண்டிக்கு அடியில் படுத்து நட்டைத் திறந்து மூட வேண்டும், ஒருத்தர் டப்பாவில் திரவம் குறையக் குறைய ஊற்ற வேண்டும்.

நான் வருகிறேன் என்று இவரே சொல்லி, பஸ்ஸில் என்னோடு வந்தார். ஒர்க் ஷாப்பில் கால் வைத்ததும், "பாய், எண்ணெய் ஊத்துனது இவ இல்லீங்க, நானு" என்றார்.

பாய் என்னைப் பார்த்தார். நான் திரவப் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன். "அக்கா, நான் அன்னிக்கு ஒண்ணு சொன்னேன்" என்று இழுத்தார். "சொன்னீங்க" என்றேன். அவர் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். அங்கிருந்து, "ஊத்துனவரே மிதிக்கட்டும். அக்கா, நீங்க டப்பாவப் பாத்துக்கங்க" என்று குரல் வந்தது.

இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிரைவர் சீட்டில் நுழைந்தார். அந்தத் தாழ்ந்த சீட்டில் உட்காரத் தெரியாமல் முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது. பாய் சொல்லச் சொல்ல மிதித்தார், பிடித்தார், விட்டார். முதலில் பெடல் வெறுமனே போய் வந்தது. போகப் போகக் காற்று வெளியேறி இறுகியது. இவருக்கு நெற்றியில் வேர்வை. ஒவ்வொரு மிதிக்கும் முனகுவது பானட் பக்கத்திலிருந்தே எனக்குக் கேட்டது. நிறுத்தலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்று தலையாட்டினார். நான் டப்பாவில் கோடு வரைக்கும் ஊற்றினேன்.

அரை மணி நேரம் கழித்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"கலா, இத்தனை கனமா இருக்குமா இது? தெனமும் இதையா மிதிச்ச?"

"ஆமாங்க" என்றேன். "மிதிங்க."